வம்சத்தில் வந்ததா, வயலில் வந்ததா?

சங்கத்தின் பொங்கல் விழா முடிந்து பந்தியில் உட்கார்ந்திருந்தேன். தெரிந்த பெண்மணி ஒருவர் பக்கத்து இலையில் வந்து அமர்ந்தார். கோலார் தங்கவயல் மாரிக்குப்பத்தில் பிறந்தவர். திருமணத்திற்குப் பின் பெங்களூர்வாசி. நான் பள்ளியில் உயிரியல் நடத்தி ஓய்வு பெற்றவன் என்பது அவருக்குத் தெரியும்.

"சார், எங்க தாத்தா 68 வயசுல போனாரு. அப்பா 72. பெரியப்பா 70. மூணு பேருக்கும் நெஞ்சுலதான் கட்டி. இது எங்க வம்சத்துலயே இருக்கு. என் பையனுக்கு இப்போ 19 ஆவுது. ஏதோ ஜீன் டெஸ்டுன்னு சொல்றாங்களே, எடுத்துப் பார்த்துடலாமா?"

பாயசம் வருவதற்குள் சொல்லி முடிக்கக்கூடிய விஷயம் இல்லை இது. அன்று அவரிடம் இரண்டே கேள்விகள் கேட்டேன். மூவரும் என்ன வேலை செய்தார்கள்? வீட்டுப் பெண்கள் எத்தனை வயது வரை இருந்தார்கள்? மூவரும் சுரங்கத்தில் தரைக்குக் கீழே வேலை செய்தவர்கள். மூவரும் பீடி பிடித்தவர்கள். அப்பாவின் அக்காள், தங்கை, பாட்டி எல்லோரும் 80ஐத் தாண்டி வாழ்ந்தவர்கள். மூச்சுத் தொந்தரவு என்று ஒரு நாள் படுத்ததில்லை. இதே கேள்வியை வேறு தங்கவயல் குடும்பங்களும் என்னிடம் கேட்டிருப்பதால் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில், புற்றுநோய் ஏன் பெரும்பாலும் முதுமையில் வருகிறது என்பது விளங்க வேண்டும். நம் ஊர் ஆட்களுக்குச் சுரங்கக் கூண்டை வைத்துச் சொன்னால் எளிதாகப் புரியும். ஷாப்டில் கேஜை இறக்கி ஏற்றும் எஃகுக் கயிறு ஒரே கம்பி அல்ல. பல கம்பிகளை முறுக்கிப் புரியாக்கி, பல புரிகளை முறுக்கிக் கயிறாக்கியது. ஒரு கம்பி அறுந்தால் ஒன்றும் ஆகாது. இரண்டு அறுந்தாலும் ஆகாது. ஆண்டுக்கணக்கில் ஏறி இறங்கித் தேய்ந்து, அறுந்தவை ஒரு எண்ணிக்கையைத் தாண்டும்போதுதான் ஆபத்து. அதனால்தான் கயிற்றை நாள்தோறும் பார்வையிட ஆள் வைத்திருந்தார்கள்.

நம் உடலின் ஒவ்வொரு செல்லிலும் டி.என்.ஏ. என்ற நீண்ட எழுத்துச்சுருள் இருக்கிறது. தாயிடமிருந்து ஒரு பிரதி, தந்தையிடமிருந்து ஒரு பிரதி. ஒரு பிரதியில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள். செல் இரண்டாகப் பிரியும் ஒவ்வொரு முறையும் இத்தனை எழுத்துகளையும் நகல் எடுத்தாக வேண்டும். எவ்வளவு கவனமான எழுத்தராக இருந்தாலும் பிழை விழத்தான் செய்யும். பெரும்பாலான பிழைகள் உடனே திருத்தப்படுகின்றன. திருத்தப்படாதவற்றில் பெரும்பகுதி ஒரு தீங்கும் செய்யாதவை. செல் வளர்ச்சியை அடக்கி வைக்கும் சில மரபணுக்களில் விழும் பிழைகள்தாம் கயிற்றில் அறுந்த கம்பிகள். புகையும் தூசியும் வெயிலும் சில நோய்க்கிருமிகளும் அந்தத் தேய்மானத்தை விரைவுபடுத்துகின்றன.

இதை முதலில் கணக்குப் போட்டுக் காட்டியவர்கள் இங்கிலாந்தின் ஆர்மிடேஜ், டால் என்ற இருவர். 1954ல், புற்றுநோய் மரணங்கள் வயதோடு ஏறும் வேகத்தைப் பார்த்து, ஒரு செல் கெட்டுப்போக ஆறு, ஏழு படிகள் தேவைப்படலாம் என்றார்கள். 20 வயதில் தொடங்கிய தேய்மானம் 65, 70 வயதில் முடிவுக்கு வருகிறது. ஆக, முதியவருக்குப் புற்றுநோய் வந்தது என்றால் அவருடைய கயிறு நெடுங்காலம் உழைத்திருக்கிறது என்பதே முதற்பொருள். வம்சக் குறை என்பது அதற்கு அப்புறம் கேட்க வேண்டிய கேள்வி.

அப்படியானால் பரம்பரைப் புற்றுநோயே இல்லையா? உண்டு. சிலர் பிறக்கும்போதே ஒரு கம்பி அறுந்த கயிற்றோடு பிறக்கிறார்கள். 1971ல் அமெரிக்க மருத்துவர் நூட்சன் குழந்தைகளின் கண்ணில் வரும் ஒருவகைப் புற்றுநோயை ஆராய்ந்தபோது, பரம்பரையாக வந்த குழந்தைகளுக்கு நோய் முன்னதாகவும், பல நேரம் இரண்டு கண்களிலும் வருவதைக் கண்டார். காரணம் எளிது: மற்றவர்களுக்கு இரண்டு அடி விழ வேண்டும், இவர்களுக்கு ஓர் அடி கருவிலேயே விழுந்துவிட்டது. இதிலிருந்து கிடைக்கும் அடையாளம், பரம்பரை நோய் பெரும்பாலும் இளமையில் வரும் என்பது. மொத்தப் புற்றுநோயில் இப்படி ஒரே வலிமையான மரபணுக் குறையால் வருவது நூற்றில் ஐந்து முதல் பத்து வரை என்று மருத்துவ உலகம் கணக்கிடுகிறது.

மீதியில் மரபுக்குப் பங்கே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. சுவீடன், டென்மார்க், பின்லாந்து நாடுகளில் 44,788 இரட்டையர் ஜோடிகளை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். ஆண்களின் புராஸ்டேட் சுரப்பிப் புற்றுநோயில் மரபின் பங்கு 42 சதவிகிதம், பெருங்குடலில் 35, மார்பகத்தில் 27 என்று கண்டார்கள். இதை ஒருவருக்கு வந்த நோயில் 42 பங்கு தாத்தா கொடுத்தது என்று படிக்கக்கூடாது. ஒரு மக்கள் கூட்டத்தில் சிலருக்கு நோய் வருகிறது, சிலருக்கு வருவதில்லை; அந்த வேற்றுமையில் எவ்வளவு மரபால் என்பதே அந்த எண். அந்தக் கூட்டத்தில் பாதிப்பேர் 25 வருடம் பாறை குடைந்தவர்களாக இருந்தால் எண்ணே மாறிப்போகும்.

இப்போது தங்கவயலுக்கு வருகிறேன். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி கால் வைத்ததிலிருந்து, பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001ல் மூடப்படும் வரை, வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்து ஏழை மக்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கிய சுரங்கங்கள் இவை. சாம்பியன் ரீப் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். தங்கம் இருந்தது வெண்கல் எனப்படும் குவார்ட்ஸ் பாறையில். அதைத் துளைத்து, வெடித்து, அள்ளி, நொறுக்கும்போது கிளம்பும் தூள் கண்ணுக்குத் தெரியாத சிலிகா. மூக்கில் படியும் கறுப்புத் தூசியைத் துடைத்துவிடலாம். நுரையீரலின் அடி அறைகள் வரை போகும் சிலிகாத் தூளை உடல் வெளியேற்ற முடியாது. அதைச் சுற்றித் தழும்பு கட்டும். அதுதான் சிலிகோசிஸ்.

1940களில் கேப்லன், பர்டன் ஆகிய மருத்துவர்கள் தங்கவயலில் 7,653 தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். 3,402 பேருக்குச் சிலிகோசிஸ் இருந்தது. ஏறத்தாழ நூற்றுக்கு 44 பேர். இந்திய தொழில்நோய் வரலாற்றில் இது இன்றும் எடுத்துக்காட்டப்படும் கணக்கு. நான் ஒவ்வொரு முறை இதைப் படிக்கும்போதும், அந்த 3,402 பேரில் எத்தனை வீடுகளில் இதை "டிபி" என்று சொல்லியிருப்பார்கள் என்று யோசிப்பேன். சிலிகா படிந்த நுரையீரலில் காசநோய் எளிதில் தொற்றும் என்பதால் இரண்டும் சேர்ந்தே இருந்திருக்கும். அந்தப் பெண்மணியின் தாத்தாவுக்கு இருந்தது புற்றுநோய்தானா, சிலிகோசிஸா, காசமா என்பதே எனக்குச் சந்தேகம். அந்தக் காலத்தில் எல்லாம் ஒரே "நெஞ்சு வியாதி".

சிலிகாவுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள உறவு உறுதிப்படப் பல காலம் ஆயிற்று. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை, வேலையிடத்தில் மூச்சோடு உள்ளே போகும் படிகச் சிலிகாவை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 1997ல் முதல் வகுப்பில் சேர்த்தது. புகையிலையும் அதே வகுப்புத்தான். இரண்டும் ஒரே நெஞ்சில் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். (சயனைடு மேட்டைப் பற்றிப் பலர் கேட்பார்கள். சயனைடு ஆளைக் கொல்லும் நஞ்சு. ஆனால் புற்றுநோய்க் காரணிகளின் பட்டியலில் அதற்கு இடமில்லை. அந்த மேட்டில் காற்றடிக்கும்போது பறக்கிறதே வெள்ளை மணல்தூள், பயப்படுவதென்றால் அதற்குப் பயப்பட வேண்டும்.)

ஆகவே தாத்தா, பெரியப்பா, அப்பா மூவரும் பகிர்ந்துகொண்டது இரத்தம் மட்டும் அல்ல. ஒரே ஷாப்டு, ஒரே பாறைத்தூள், ஒரே பீடிக்கட்டு, ஒரே லைன் வீட்டுச் சமையல் புகை. குடும்பத்தில் ஒரு நோய் திரும்பத் திரும்ப வந்தால் அதைப் பரம்பரை என்று எண்ணுவது இயல்பு. ஆனால் எங்கள் ஊரில் வேலையே பரம்பரையாக வந்தது. அப்பன் ஓய்வு பெற்றால் மகன் இறங்கினான். ஜீனும் வேலையும் ஒரே வழியில் இறங்கும்போது ஒன்றை மற்றதாக நினைத்துவிடுகிறோம். அதனால் வரும் நட்டம் சிறியதல்ல. "எங்க இரத்தத்துல இருக்கு" என்று குடும்பமே சொல்லிவிட்டால், டாக்டர் வேலையைப் பற்றிக் கேட்பதில்லை. சர்வீஸ் புத்தகத்தை எவரும் தேடுவதில்லை. தொழில் நோய் என்று எந்தத் தாளிலும் ஏறுவதில்லை.

சரி, ஒரே வேலை பார்த்த இருவரில் ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராமல் போனதே, அதற்குக் காரணம் ஜீன்தானே என்று கேட்கலாம். ஓரளவு உண்மை. மனிதருக்கு மனிதர் டி.என்.ஏ.வில் சின்னச் சின்ன வேறுபாடுகள் உண்டு. பொதுவான மாதிரிப் பிரதியோடு ஒப்பிட்டால் எவருக்கும் 40 முதல் 50 லட்சம் இடங்களில் எழுத்து மாறியிருக்கும். மூக்கு நீளமும் முடிச் சுருளும் போல இதுவும் வேறுபாடுதான், நோய் அல்ல. சில வேறுபாடுகள் ஆபத்தைக் கொஞ்சம் கூட்டும் அல்லது குறைக்கும். எவ்வளவு கொஞ்சம் என்பதைக் கவனியுங்கள். 2008ல் மூன்று ஆய்வுக் குழுக்கள் ஒரே சமயத்தில், 15ஆம் குரோமோசோமில் ஓர் இடத்தில் எழுத்து மாறியிருப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் ஆபத்து கூடுவதைக் கண்டன. ஐரோப்பிய வம்சாவளியினரிடம் நடந்த ஆய்வு அது. ஒரு பிரதியில் மாறியிருந்தால் சுமார் 30 சதவிகிதம் அதிகம், இரண்டிலும் மாறியிருந்தால் சுமார் 80 சதவிகிதம். புகைப்பதால் கூடும் ஆபத்தோ பத்து மடங்கு, இருபது மடங்கு என்று போகிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த மரபணுப் பகுதி நிகோட்டினை உணரும் உறுப்போடு தொடர்புடையது. மாறிய எழுத்து உள்ளவர் அதிகம் புகைக்கிறார். அந்த ஜீன் ஆபத்தைக் கூட்டும் வழிகளுள் ஒன்று பீடிதான்!

முதுமையில் இன்னொரு வகை மாற்றமும் உண்டு. பிறக்கும்போது இல்லாமல், வயதாக ஆக இரத்த செல்களில் சேர்வது. ஆண்களின் இரத்த செல்கள் சிலவற்றில் ஒய் குரோமோசோம் முழுவதுமே தொலைந்துபோகிறது. பிரிட்டனில் 2019ல் வெளியான பெரிய ஆய்வின்படி 70 வயது ஆண்களில் சுமார் 40 சதவிகிதத்தினரிடம் இதைக் காண முடிந்தது. சுவீடன் ஆய்வாளர்கள் 2014ல், இப்படி இழந்த முதியவர்களிடம் புற்றுநோய் மரணம் அதிகம் என்றார்கள். அடுத்த ஆண்டே, புகைப்பவர்களிடம் இந்த இழப்பு பல மடங்கு அதிகம் என்றும், புகைப்பதை விட்டவர்களிடம் மற்றவர்கள் அளவுக்குக் குறைந்து காணப்படுகிறது என்றும் காட்டினார்கள். ஆக, சொல்லுக்குச் சொல் "இரத்தத்திலேயே இருக்கிறது" என்று சொல்லத்தக்க இந்த மாற்றம் அப்பாவிடமிருந்து வந்ததும் இல்லை, மகனுக்குப் போவதும் இல்லை.

இந்த அளவில் பையனுக்கு ஜீன் பரிசோதனை வேண்டாம் என்று சொல்லிக் கட்டுரையை முடித்திருப்பேன். ஆனால் ஒரு வாரம் கழித்து அவர் தொலைபேசியில் பேசியபோது விஷயம் வேறு பக்கம் திரும்பியது. குடும்ப மரம் ஒன்றை வரைந்து வையுங்கள் என்று சொல்லியிருந்தேன். அப்பா வழியை எழுதி முடித்துவிட்டார். "அம்மா வழி?" என்றேன்.

"அதுல ஒண்ணும் இல்ல சார். சித்தி ஒருத்தங்கதான் சின்ன வயசுல போயிட்டாங்க. 38. மார்புல கட்டி. அது வேற. அம்மாவோட அம்மா 47ல வயித்துல தண்ணி கோத்துப் போயிட்டாங்களாம்."

நிமிர்ந்து உட்கார்ந்தேன். 72 வயதில் வந்த அப்பாவின் நோயைவிட, 38 வயதில் வந்த சித்தியின் நோயே மரபணு மருத்துவரிடம் சொல்ல வேண்டியது. வயிற்றில் நீர் கோப்பதற்குக் காரணங்கள் பல. சூலகப் புற்றுநோயும் அவற்றில் ஒன்று. மார்பகமும் சூலகமும் ஒரே குடும்பத்தில், 50 வயதுக்கு முன் என்றால், பி.ஆர்.சி.ஏ. எனப்படும் இரண்டு மரபணுக்களை நினைக்கத்தான் வேண்டும். 1994, 1995ஆம் ஆண்டுகளில் கண்டறியப்பட்ட இவை டி.என்.ஏ.வில் விழும் முறிவுகளைப் பழுது பார்ப்பவை. இவற்றில் ஒன்று பிறவியிலேயே பழுதான பெண்களில், 80 வயதுக்குள் நூற்றில் சுமார் 70 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வருவதாக 2017ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. மீதி 30 பேருக்கு வரவில்லை என்பதையும் பாருங்கள். பாட்டி 80 வரை கல்லுப்போல் இருந்தார் என்பதால் அவரிடம் அந்தக் குறை இல்லை என்றாகிவிடாது.

இது மேல்நாட்டார் நோய் என்றும் எண்ண வேண்டாம். முதல் மரபணுவில் இரண்டே இரண்டு எழுத்துகள் விடுபட்டுப்போகும் ஒரு மாற்றம், ஐரோப்பிய யூதர்களிடம் அதிகம் காணப்படுவதாகப் புகழ்பெற்றது. 2009ல் வெளியான தென்னிந்தியப் பெண்களைப் பற்றிய ஆய்வில் அதே மாற்றம் கணிசமாகக் காணப்பட்டது.

நம்மவரிடம் உள்ள இரண்டு தவறான எண்ணங்களை இங்கே சொல்லிவிட வேண்டும். மார்பகப் புற்றுநோய் பெண்கள் விஷயம், தாய் வழியில்தான் வரும் என்பது ஒன்று. தந்தையும் இந்தக் குறையைக் கொடுக்கலாம். இரண்டாவது மரபணுவில் குறை உள்ள ஆண்களுக்கே புராஸ்டேட், மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடும். மற்றொன்று, அக்காள் மகளைக் கட்டியதால், மாமன் மகனைக் கட்டியதால் வந்த வினை என்பது. சொந்தத்தில் திருமணம் செய்வதால், இரண்டு பிரதியும் பழுதானால் மட்டுமே வரும் நோய்கள் பெருகும் என்பது உண்மை. இந்தப் புற்றுநோய்க்கு ஒரு பழுதான பிரதியே போதும். உறவில் கட்டியதற்கும் இதற்கும் தொடர்பில்லை. ஒரு தாயின் பழியை எத்தனை வீடுகளில் இந்த இரண்டாவது எண்ணத்தால் சுமக்க வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.

பரிசோதனையை யாரிடம் தொடங்குவது? நோய் வந்தவரிடம்தான் முதலில். அவர் இல்லாதபோது, அவருக்கு மிக நெருங்கிய, வயதில் மூத்த உறவினரிடம். இந்தக் குடும்பத்தில் அது 67 வயதான தாயார். குறை அவரிடம் இருந்தால், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது வந்திருக்கப் பாதி வாய்ப்பு. இல்லையென்றால் அந்த வழியாக மகளுக்கும் பேரனுக்கும் வரவே முடியாது; ஒரு தலைமுறையைத் தாண்டிக் குதிக்கும் வழக்கம் இதற்கு இல்லை. 19 வயதுப் பையனின் கையில் ஊசி குத்துவது கடைசிப் படி, முதற்படி அல்ல. சித்தியின் மகள் இருக்கிறாரே, அவருக்கும் இந்தச் செய்தி போய்ச் சேர வேண்டும். போக்குவரத்து நின்றுபோன உறவாம். இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும் என்றேன்.

முடிவு எப்போதும் ஆம், இல்லை என்று வராது. "மாற்றம் இருக்கிறது, பொருள் தெரியவில்லை" என்றும் வரும். உலகத்தின் மரபணுத் தொகுப்புகளில் ஐரோப்பியரே மிகுதி என்பதால் நம்மவருக்கு இந்த மூன்றாவது பதில் அதிகம் கிடைக்கிறது. அதைக் குறை என்று எடுத்துக்கொண்டு அறுவை சிகிச்சைக்கு ஓடக்கூடாது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் மூளை ஆய்வு மையம் ஒருங்கிணைத்த ஜீனோம் இந்தியா திட்டத்தில், 10,000 இந்தியரின் முழு டி.என்.ஏ.வைப் படிக்கும் பணி 2024ல் முடிந்தது. இனி இத்தகைய பதில்கள் குறையலாம். பரிசோதனைக்கு முன்பும் பின்பும் மரபணு ஆலோசகரிடம் பேசாமல், விளம்பரம் பார்த்து எச்சிலை அஞ்சலில் அனுப்புவதை நான் ஆதரிக்கமாட்டேன். 1954ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிறுவனத்தில் மரபுவழிப் புற்றுநோய்க்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

மரம் வரைவதைப் பற்றி இரண்டு வார்த்தை. பெயரும் உறவும் மட்டும் போதாது. எந்த உறுப்பில் நோய், எத்தனை வயதில் கண்டது, எத்தனை வயதில் இறந்தார் என்பதோடு, என்ன வேலை, எத்தனை வருடம், தரைக்குக் கீழேயா மேலேயா, புகையிலை உண்டா என்று எழுதுங்கள். நோய் வராமல் முதுமை கண்டவர்களையும் விடாமல் எழுதுங்கள். இந்தக் குடும்பத்தில் அப்பா வழிச் சந்தேகத்தைத் தீர்த்ததே அந்த 80 வயது அத்தைகள்தாம். சுரங்கம் மூடியபின் நம் பிள்ளைகள் பெங்களூர், சென்னை, வளைகுடா என்று சிதறிவிட்டார்கள். லைனில் நாலு வீடு தள்ளி இருந்தவரை யாருக்கு என்ன நோய் என்று எல்லோருக்கும் தெரியும். இப்போது அதைத் தெரிந்தவர்கள் எழுபதைத் தாண்டியவர்கள்.

அந்தப் பெண்மணியின் மரத்தில் இன்னொரு பெயரும் இருந்தது. அப்பாவின் கடைசித் தம்பி. 1975ல் 20 வயதில் இறங்கி, மூடும் வரை வேலை செய்தவர். இப்போதும் ஆண்டர்சன்பேட்டையில்தான் இருக்கிறார். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதாம், வயசாச்சு என்கிறாராம். இந்த வீட்டில் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர் அவர்தான் என்று சொன்னேன். மார்பு எக்ஸ்ரே, மூச்சுத்திறன் சோதனை, சளிப் பரிசோதனை மூன்றும் எடுக்க வேண்டும். டாக்டரிடம் "சுரங்கத்தில் 26 வருடம்" என்று முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும். சர்வீஸ் தாள்களைக் கையோடு கொண்டுபோக வேண்டும். சிலிகோசிஸ் சட்டப்படி ஒரு தொழில் நோய். சோதனை முடிவு எதுவானாலும் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். பீடியை விட்டுப் பத்து ஆண்டு ஆனால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து, தொடர்ந்து பிடிப்பவரைவிட ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பதையும் சொல்லச் சொன்னேன்.

போன வாரம் மறுபடி பேசினார். தாயார் ஆலோசனைக்கு வரச் சம்மதித்துவிட்டார். சித்தி மகளின் விலாசம் கிடைத்திருக்கிறது. சித்தப்பா எக்ஸ்ரே எடுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டிருக்கிறார். பீடியைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் எழுந்து வெளியே போய்விடுகிறாராம்.